பொது மொழியும் பூட்டிய படலையும்

கணினிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று கூறுவது ஓர் உபசார வழக்கு. உயிரற்ற பொருளின்மேல் உயிருள்ளதன் தொழிலை ஏற்றிக் கூறும் இம்முறை தமிழுக்குப் புதிதன்று. காற்றுப் பாடுவதும் கடல் அழைப்பதும் கவிதையில் மட்டுமன்றி அன்றாடப் பேச்சிலும் பயின்று வருவனவே. ஆயினும் கணினியைப் பொறுத்தவரை இவ்வுபசாரத்துள் ஓர் உண்மை பொதிந்திருக்கின்றது. பேச்சு நிகழ்வதற்கு இருவர் வேண்டும். அவ்விருவருக்கும் பொதுவான மொழி வேண்டும். ஒருவர் கூறுவதைச் செவிமடுக்க மற்றவர் இசைதலும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் எஞ்சுவது மௌனமே. ஒரே மேசையில், ஒரே கம்பியில் இணைக்கப்பட்டுள்ள இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அறியாது கிடப்பதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

இந்த மௌனம் யாருக்கு என்ன இழப்பை உண்டாக்குகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. பெருநகர் அலுவலகங்களில் அதனைத் தீர்ப்பதற்கெனச் சம்பளம் பெறும் வல்லுநர் உளர். முள்ளியவளை போன்ற ஊரிலோ அது ஒரு சிறு கடையின் மூலையில் நிகழ்கின்றது. அதன் விளைவு ஒரு தாயின் விண்ணப்பத்தில் வந்து முடிகின்றது.

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில், தண்ணீரூற்றை அடுத்து அமைந்துள்ளது முள்ளியவளை. வயலும் குளமும் காடும் சூழ்ந்த பழைய ஊர். காட்டு விநாயகர் ஆலயத்தாலும், கோவலன் கூத்தினாலும், வித்தியானந்தாக் கல்லூரியாலும் பெயர் பெற்றது. 1990ஆம் ஆண்டின் பின்னர், போர் நீடித்த காலம் முழுவதும், தேசிய மின்தொகுதியின் ஒளி வன்னியின் இப்பகுதிக்கு எட்டவில்லை. மண்ணெண்ணெய் விளக்கிலும், சைக்கிள் தைனமோவிலும், மின்பிறப்பாக்கியிலும் ஒரு தலைமுறை கற்று வளர்ந்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் ஊர் முற்றாக இடம்பெயர்ந்தது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தபின், முகாம்களிலிருந்து மக்கள் படிப்படியாக மீண்டு வந்தபோது, வீட்டுக் கூரையோடு உறுதியும், பிறப்புச் சான்றிதழும், பரீட்சைப் பெறுபேறும் அழிந்து போயிருந்தன. எஞ்சிய வாழ்வை மீட்டெடுப்பதென்பது பெருமளவுக்குக் கடதாசிகளை மீட்டெடுப்பதாகவே அமைந்தது. விண்ணப்பம், சத்தியக் கடதாசி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், நிழற்பிரதி எனக் கடதாசியின் மேல் கடதாசி சேர்ந்தது. ஆதலின், மீள்குடியேற்றத்தின் பின்னர் வீதியோரங்களில் முதலில் முளைத்த கடைகளுள் தட்டச்சு, நிழற்பிரதிக் கடைகளும் இடம்பெற்றமை வியப்புக்குரியதன்று.

அத்தகைய கடை ஒன்றில், பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் பயிலும் மாணவி ஒருத்தி 2023ஆம் ஆண்டின் விடுமுறையைக் கழித்தாள். கடை அவளுடைய மாமாவுக்குரியது. அவர் வயலுக்குச் செல்லும் நேரங்களில் அவளே பொறுப்பு. அங்கு மூன்று கணினிகள் இருந்தன; அச்சுப்பொறி ஒன்றே. முதலாவது கணினி 2011இல் வவுனியாவில் பழையதாக வாங்கப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பணிசெயல் முறைமையில் இயங்குவது. இரண்டாவது, கனடாவிலுள்ள உறவினர் அனுப்பிய மடிக்கணினி. விண்டோஸ் 10 கொண்டது. மூன்றாவது, வெளிநாட்டு அன்பர் சிலர் ஊருக்கென அனுப்பிய பழைய கணினிகளுள் ஒன்று. அதில் லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது. மூன்று முறைமைகளையும் ஒருங்கே வைத்திருக்க வேண்டுமென எவரும் திட்டமிடவில்லை. கிடைத்தது கிடைத்தபடி வந்து சேர்ந்தது. வன்னியில் வலையமைப்பு என்பது பெரும்பாலும் இவ்வாறே, கொடுத்தவர்களின் வரலாறாகவே அமைகின்றது.

அச்சுப்பொறி பழைய கணினியோடு கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தது. கடையின் பத்தாண்டுக் கோப்புகளும் அதனுள்ளேயே இருந்தன. மடிக்கணினி வந்து சேர்ந்தபோது, அது பழைய கணினியைக் காண மறுத்தது. ஒரே வலையில் இருந்தும், அதன் பெயரைக் கூறி அழைத்தும், பயன் இல்லை. மாமா அதற்குக் கண்ட மாற்று வழி விரலளவு நினைவகம் ஒன்றில் கோப்பைப் பிரதிசெய்து கையால் காவிச் செல்வதாகும். அந்த நினைவகம் ஊரிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் போய் வந்தது. ஒரு நாள் கோப்புறைகள் யாவும் மறைந்து, அவற்றின் இடத்தில் பெயர்களை மட்டும் தாங்கிய போலிக் குறுக்குவழிகள் தோன்றின. நோய்நிரல் ஒன்று தொற்றியிருந்தது. கையால் காவுதல் பாதுகாப்பானது என்னும் எண்ணமும் அத்துடன் பொய்த்தது.

இம்மௌனத்தின் காரணத்தை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். ஒரு கணினியிலுள்ள கோப்பையும், அதனோடு இணைந்த அச்சுப்பொறியையும் இன்னொரு கணினி பயன்படுத்துவதற்கான உரையாடல் ஒழுங்கை 1983ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பரி பைகன்போம் என்பவர் வகுத்தார். எஸ்.எம்.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். 'இக்கோப்பைத் திற', 'இவ்வளவு படி', 'இதனைப் பூட்டு', 'இதனை அச்சிடு' என்னும் வேண்டுகோள்களும் அவற்றுக்குரிய மறுமொழிகளும் எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதே அவ்வொழுங்கின் உள்ளடக்கம். மைக்கிரோசொவ்ற் நிறுவனம் இதனை ஏற்று விரித்துத் தன் முறைமைகளுக்குள் பொருத்தியது. உலகின் பெரும்பாலான மேசைகளில் அந்நிறுவனத்தின் முறைமையே இடம்பிடித்தமையால், இவ்வொழுங்கு அலுவலகங்களின் நடைமுறை மொழியாயிற்று. ஆனால் அம்மொழியின் முழு இலக்கணமும் வெளியாருக்கு எட்டவில்லை. பேசுவோர் பலராகவும் இலக்கணம் அறிந்தோர் சிலராகவும் இருந்த நிலை அது.

இந்நிலையை மாற்றத் தொடங்கியவர் ஒரு மாணவர் என்பது பல்கலைக்கழக வாசகர் மனங்கொள்ளத்தக்கது. அவுஸ்திரேலியாவின் கன்பரா நகரிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்ட்ரூ டிரிட்ஜெல், 1991ஆம் ஆண்டின் இறுதியில், தம் மேசைக் கணினியை யுனிக்ஸ் கணினியோடு இணைக்க விரும்பினார். உரிய இலக்கணம் அவர் கையில் இல்லை. எனவே இரு கணினிகளுக்கிடையே செல்லும் தரவுப் பொதிகளைக் கவனிக்கும் நிரல் ஒன்றை எழுதி, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகின்றது என்று குறித்துக்கொண்டார். பிரெஞ்சு மொழி அறியாத ஒருவர், பிரெஞ்சு உணவுச்சாலை ஒன்றில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பரிமாறப்படுவதையும் பார்த்தே அம்மொழியைக் கற்பதற்கு இதனை அவர் பிற்காலத்தில் ஒப்பிட்டார். 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். முதலில் சூட்டிய பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரியதென்று தெரியவந்தபோது, எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் இம்முறையே வரும் சொல்லைக் கணினியின் அகராதிக் கோப்பில் தேடினார். கிடைத்த சொற்களுள் ஒன்று 'சம்பா'. பிறேசில் நாட்டு ஆடலின் பெயர் ஒரு கணினி நிரலுக்கு வந்த கதை இதுவே. தமிழரின் காதிலோ அச்சொல் நெல்லின் பெயராக ஒலிக்கின்றது. வயலும் குளமும் சூழ்ந்த முள்ளியவளைக்கு அப்பெயர் அந்நியமாய்த் தோன்றாதிருப்பது தற்செயலான ஒரு பொருத்தம்.

செவியால் கேட்டுக் கற்ற மொழியை வைத்து உலகெங்கும் சேவைக் கணினிகள் இயங்கத் தொடங்கின. ஆயினும் இலக்கணத்தை முழுமையாக வெளியிடுதல் கடமையா, அன்றி அது தனியுடைமையா என்னும் வழக்கு ஐரோப்பாவில் எழுந்தது. 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்கிரோசொவ்ற் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 497 மில்லியன் யூரோ தண்டம் விதித்ததோடு, பிற முறைமைகள் அதன் முறைமையோடு இணைந்து இயங்குவதற்கு வேண்டிய தகவல்களை வெளியிடுமாறும் பணித்தது. 2007ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆம் திகதி ஐரோப்பிய முதல்நிலை நீதிமன்றம் அத்தீர்மானத்தின் முக்கிய பகுதிகளை உறுதிசெய்தது. அதே ஆண்டு டிசெம்பரில், சுதந்திர மென்பொருள் ஆக்குநர்கள் சார்பில் அமைந்த ஓர் அமைப்பு ஒரு தடவை 10,000 யூரோ செலுத்தி அவ்வாவணங்களைப் பெற்றது. டிரிட்ஜெல் கேட்டலாகக் கற்றுத் தொடங்கியது, பதினைந்து ஆண்டுகளின் பின்னர், பாடநூலோடு தொடர்ந்தது. 2012ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளியான சம்பாவின் நான்காம் பதிப்பு இதன் பயனாகப் பல புதிய பணிகளை ஏற்றது.

இவ்வரலாற்றில் ஓர் அடிப்படை வினா மறைந்திருக்கின்றது. ஒரு நூலை இயற்றியவன் அந்நூலுக்கு உரியவன் எனலாம். ஆனால் அந்நூல் எழுதப்பட்ட மொழிக்கும் அவன் உரியவனாதல் கூடுமோ? கூத்துக் கொட்டகையில் அண்ணாவியார் கையில் ஏடு இருக்கின்றது. ஏட்டைப் பேணுவது அவர் உரிமையும் பொறுப்பும் ஆகும். ஆயினும் மேடையேறும் ஒவ்வொருவனுக்கும் அவனுக்குரிய வரியை அவர் சொல்லிக் கொடுத்தேயாகல் வேண்டும். கொடுக்க மறுக்கும் ஏடு கூத்தாவதில்லை. கணினி வலையமைப்புக்கும் இது பொருந்தும்.

மொழி பொதுவாயிற்று எனின், முள்ளியவளைக் கடையின் இரு கணினிகள் 2023இலும் பேச மறுத்தமைக்குக் காரணம் யாது? இங்குதான் மூன்றாவது நிபந்தனையான இசைவு குறுக்கிடுகின்றது. எஸ்.எம்.பி. ஒழுங்கின் முதற் பதிப்பு, வலையமைப்புக்குள் இருப்பவர் எல்லாரும் நம்பத்தக்கவர் என்று எண்ணிய காலத்துக்குரியது. 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, அப்பதிப்பை விண்டோஸ் கையாண்ட முறையிலிருந்த குறைபாடு ஒன்றின் வழியாக 'வனாக்கிறை' என்னும் தீநிரல் புகுந்து, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கோப்புகளைப் பூட்டி மீட்புப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் மருத்துவமனைகளிலும் பணிகள் தடைப்பட்டன. குறைபாட்டுக்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தும், பல கணினிகள் அதனைப் பெறாதிருந்தமையே சேதத்தைப் பெருக்கிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10இல் அப்பழைய பதிப்பு இயல்பாகச் சேர்க்கப்படவில்லை. சம்பாவும் 2019இல் தன் 4.11ஆம் பதிப்பில் அதனை இயல்புநிலையில் நிறுத்தியது. விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தெரிந்ததோ அப்பழைய பதிப்பு மட்டுமே. புதிய கணினி அம்மொழியை மறந்ததன்று. பேசுவதில்லை என்று தீர்மானித்துப் படலையைப் பூட்டியிருந்தது.

கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், மடிக்கணினியில் அப்பழைய பதிப்பை மீண்டும் இயக்கிவிடலாம், நாலைந்து நிமிட வேலை என்றார். அது உண்மையே. பூட்டைத் திறந்தால் அச்சுப்பொறி உடனே கிடைக்கும். வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதில்லை. மாமாவின் வருமானமும் தடைப்படாது. மாணவி அன்று மாலை பழைய கணினியின் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். காணி விண்ணப்பங்கள், மரணச் சான்றிதழ்களின் பிரதிகள், அடையாள அட்டை இலக்கங்கள், பிள்ளை எந்த நாளில் எந்த இடத்தில் கடைசியாகக் காணப்பட்டான் என்று தாய்மார் எழுதுவித்த சத்தியக் கடதாசிகள். ஊரின் துயரம் முழுவதும் ஆண்டுவாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. எழுதுவித்தவர்களோ தம் கடதாசியைப் பெற்றுக்கொண்டு போனவர்கள். அதன் பிரதி ஒன்று கடையிலேயே தங்கிவிட்டது என்பதை அவர்களுள் பலர் அறியார். அவர்கள் அறியாமலே ஒப்படைத்துச் சென்ற அடைமானம் அது. அதற்கு முன்னே திருத்தம் பெறாத பழைய கதவு ஒன்றை இணையத்தை நோக்கித் திறந்து வைப்பதா என்பதே வினா. அவள் திறப்பதில்லை என முடிவு செய்தாள்.

முடிவு செய்தல் எளிது, அச்சிடுதல் எவ்வாறு? வழி லினக்ஸ் கணினியில் இருந்தது. யுனிக்ஸ் மரபினைச் சார்ந்த முறைமைகளில் அச்சிடுதலைக் கவனிப்பது கப்ஸ் என்னும் மென்பொருள். மைக்கல் சுவீற் என்பவர் 1990களின் பிற்பகுதியில் ஆக்கத் தொடங்கிய இதனைப் பின்னர் அப்பிள் நிறுவனமும் தன் முறைமையில் ஏற்றுக்கொண்டது. இது கோப்புப் பகிர்வுக்குரிய ஒழுங்கைச் சாராமல், அச்சிடுதலுக்கென்றே அமைந்த இணைய அச்சு ஒழுங்கொன்றைப் பின்பற்றுவது. விண்டோஸ் எக்ஸ்பியும் அவ்வொழுங்கை அறியும். ஆகவே, கோப்புக்கு ஒரு வழியும் அச்சுக்கு வேறொரு வழியும் என இரண்டையும் பிரிக்க முடிந்தது. அச்சுப்பொறியின் கம்பி பழைய கணினியிலிருந்து கழற்றப்பட்டு லினக்ஸ் கணினியில் பொருத்தப்பட்டது. மூன்று கணினிகளும் அதனிடம் அச்சுப் பணியை ஒப்படைக்கலாயின. வந்த பணிகளை வரிசைப்படுத்தி ஒன்றன்பின் ஒன்றாக அச்சுப்பொறிக்கு அனுப்புவது அதன் கடமை. மடிக்கணினியும் லினக்ஸ் கணினியும் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் சம்பாவின் புதிய ஒழுங்கும், அதற்கெனத் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைக்கப்பட்டன. பழைய கணினிக்கு இணைய வழி மூடப்பட்டது. அதிலிருந்த கோப்புகள் தூய்மை செய்யப்பட்ட நினைவகம் ஒன்றின் மூலம் ஒரே முறையாக வெளியே எடுக்கப்பட்டன.

சிறிய சிக்கல்கள் இல்லாமற் போகவில்லை. விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கோப்புப் பெயரில் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வேறுவேறாகக் கொள்ளும். லினக்ஸில் இரு கோப்புகளாயிருந்தவற்றுள் ஒன்று மடிக்கணினியின் பார்வைக்கு மறைந்துபோனதற்கு அதுவே காரணம் எனக் கண்டறிய ஒரு பிற்பகல் சென்றது. எனினும் நான்காம் நாள், மூன்று கணினிகளிலிருந்தும் அனுப்பிய மூன்று பக்கங்கள் ஒரே அச்சுப்பொறியில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மாமா அவற்றைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, எது எந்தக் கணினியில் இருந்து வந்தது என்று கேட்டார். கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது என்பதே அம்முயற்சியின் வெற்றி.

ஆனால் இவ்வளவும் ஆனபின்னரே உண்மையான தடை வெளிப்பட்டது. தண்ணீரூற்றுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தம் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தமை பற்றி 2012இல் இதே கடையில் ஒரு விண்ணப்பம் எழுதுவித்திருந்தார். அதன் மங்கிய பிரதியொன்று பொலித்தீன் உறைக்குள் இருந்தது. ஓர் அலுவலகம் அவ்விடயத்தை மீண்டும் எழுத்தில் கேட்டிருந்தது. மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டுமாம். மாணவி மடிக்கணினியில் கோப்பைத் தேடித் திறந்தாள். கோப்பு வந்தது; வலையமைப்புத் தன் கடமையைச் செவ்வனே செய்தது. திரையிலோ தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளற்றுச் சிதறிக் கிடந்தன.

"பிள்ளை, நான் சொன்னதை இங்கிலீசிலயே எழுதிக் கிடக்கு?" என்று அத்தாய் வினவினார்.

"இல்லையம்மா, எல்லாம் தமிழ்தான். இந்த மெசினுக்கு அந்த எழுத்துத் தெரியேல்லை" என்றாள் மாணவி.

அவ்விடை சுருக்கமாயினும் சரியானது. அக்கோப்பு பாமினி என்னும் எழுத்துருவில் ஆக்கப்பட்டது. ஈழத்துத் தமிழர் பல்லாண்டு காலம் பேஜ்மேக்கர் மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்திய எழுத்துரு அது. அவ்வகை எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தையன்று. ஆங்கில எழுத்தின் எண்ணையே. அதன்மேல் தமிழின் வடிவம் போர்த்தப்படுகின்றது. 'தமிழ்' என்னும் சொல்லைப் பாமினியில் எழுதினால், கணினியின் உள்ளே இருப்பன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. போர்வை இல்லாத கணினிக்கு அக்கோப்பு சென்றதும், போர்த்தியிருந்தது கழன்று உள்ளிருப்பது வெளித்தோன்றும். எழுத்துரு ஆக்கியவர் ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியவாறு எழுத்துகளை இடம் வைத்தமையால், ஒருவர் தட்டச்சுச் செய்ததை மற்றவர் படிக்க முடியாத நிலை தமிழ்க் கணினியுலகில் நெடுங்காலம் நீடித்தது.

1991இல் வெளியான யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டைத் தொடர்ந்து பொதுக் குறியீடுகளும் பொது விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. இலங்கை கட்டளைகள் நிறுவனம் 2008இல் தமிழ்க் கணினி எழுத்துக் குறியீட்டுக்கு 1326ஆம் இலக்கத் தரநிலையை வெளியிட்டது. ஆயினும் பழகிய விரலும் வாங்கிவிட்ட மென்பொருளும் எளிதில் மாறுவனவல்ல. கன்பராவில் ஒரு மாணவர் எஸ்.எம்.பி. ஒழுங்கில் கண்ட அதே சிக்கல், தமிழ் எழுத்தில் தமிழராலேயே ஆக்கப்பட்டிருந்தது என்பது கசப்பானதாயினும் ஒப்புக்கொள்ளத்தக்க உண்மை. அங்கு இலக்கணத்தை மறைத்தவர் ஒருவர். இங்கு ஆளுக்கொரு இலக்கணம் வகுத்தவர் பலர். கேட்பவனுக்கு இரண்டும் ஒன்றே.

பாமினியை யூனிகோட்டுக்கு மாற்றும் மென்பொருள்கள் இன்று எளிதில் கிடைக்கின்றன. மாணவி அவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தினாள். கணப்பொழுதில் விண்ணப்பம் தமிழாயிற்று. அவள் அத்துடன் அதனை அச்சிட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் பொலித்தீன் உறைக்குள் இருந்த பிரதியை எடுத்து, அதனையும் திரையையும் வரிக்கு வரி ஒப்புநோக்கினாள். தாய் அருகில் இருந்து செவிமடுத்தார். ஏழாவது வரியில் பிழை வெளிப்பட்டது. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்களையும் இறுதியில் பெரும்பாலும் வீ என்னும் ஆங்கில எழுத்தையும் கொண்டது. பாமினியில் அவ்வெழுத்தின் இடத்தில் இருப்பது தமிழ் 'ஏ'. மாற்றும் மென்பொருள் ஆங்கிலம் எது, தமிழ் எது எனப் பகுத்தறியாது யாவற்றையும் தமிழாக்கியமையால், அத்தாயின் அடையாள இலக்கம் 'ஏ' என்னும் எழுத்தில் முடிந்திருந்தது. ஒரே எழுத்து, ஆயினும் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு அதுவே போதும். பதினொரு ஆண்டு காத்திருந்தவர் அதன் காரணத்தை அறியாமலே மேலும் காத்திருக்க நேர்ந்திருக்கும். அனுமதிப்பத்திர இலக்கத்திலும் இதே வகைப் பிழை இருந்தது. இரண்டையும் திருத்தி, மீண்டும் ஒரு முறை உரத்து வாசித்தபின்னரே விண்ணப்பம் லினக்ஸ் கணினியின் அச்சு வரிசைக்குச் சென்றது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறப்படுவது யாது? கம்பி இணைப்பு என்பது பகிர்வின் முதற்படி மட்டுமே. அதன்மேல் ஒழுங்கு, அதன்மேல் இசைவு, அதன்மேல் எழுத்து என ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகள் உள. ஒவ்வொரு படியிலும் பொதுமை பேணப்பட்டால் அன்றி, மேலேயிருக்கும் மனிதரின் சொல் சென்று சேர்வதில்லை. பொதுமை என்பது எல்லாரும் ஒரே முறைமையைக் கைக்கொள்வதும் அன்று. மூன்று கணினிகளுக்கும் ஒரே நிறுவனத்தின் முறைமையை வாங்கிப் பொருத்தியிருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும் என்பார் உளர். வாங்கும் வலிமை உள்ளோருக்கு அது வழியாகலாம். கிடைத்ததைக் கொண்டு வாழ்பவர்களுக்கு வேண்டியது, வேறுபட்டவை வேறுபட்டவாறே நின்று கூடி இயங்குவதற்கான உடன்பாடு.

அவ்வுடன்பாட்டுக்கு முள்ளியவளை மக்கள் வெளியே எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை. ஆண்டுதோறும் வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன், சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் வைத்து அவ்வுப்பு நீரில் விளக்கேற்றுவர். அங்குப் பொங்கல் நிகழ்ந்த பின்னரே வற்றாப்பளையில் பொங்கல் நிகழும். கடற்கரையும், விநாயகர் ஆலயமும், கண்ணகி கோயிலும் வெவ்வேறு இடங்கள். வெவ்வேறு கடமை உடையவை. ஒன்று மற்றொன்றாக மாற வேண்டும் என எவரும் கேட்டதில்லை. எந்த நாளில், யார், எதனை, எவரிடம் ஒப்படைப்பது என்னும் ஒழுங்கு எல்லாருக்கும் தெரிந்ததாயிருப்பதனாலேயே அவை மூன்றும் ஒரே வழிபாடாகின்றன. அவ்வொழுங்கை எவரும் பூட்டி வைக்கவில்லை. அதே வேளை, தீர்த்தக்குடத்தை யார் வேண்டுமாயினும் தூக்கிச் செல்லலாம் என்று விட்டுவிடவும் இல்லை. ஒழுங்கு பொதுவாகவும், ஒப்படைக்கப்பட்ட பொருள் காவலுக்குரியதாகவும் இருக்கின்றது. மாணவி தன் கடையில் செய்ததும் இவ்விரண்டையும் பிரித்துக் கண்டதேயாகும். பேசும் முறை யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். பேசப்பட்ட துயரம் உரியவருக்கு மட்டுமே திறத்தல் வேண்டும்.

இவ்விடயத்தில் பல்கலைக்கழகத்தாருக்குரிய கடமை சிறிதன்று. தமிழ்ச் சங்கங்களின் மலர்களும், துறைகளின் ஆய்வேடுகளும், நாடகப் பிரதிகளும் பாமினி முதலிய எழுத்துருக்களில் பேஜ்மேக்கர் கோப்புகளாகப் பழைய கணினிகளுள் உறங்குகின்றன. அச்சு நூல்கள் பலவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி படிமங்களாகக் காத்து வருகின்றது. ஆயினும் அச்சேறாதவற்றைக் காப்பவர் எவர்? விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபரிலும் முடிவுற்றன. ஒவ்வொரு முடிவின்போதும் ஒரு பழைய கணினி மூலைக்குச் செல்கின்றது. அதனோடு ஒரு தொகுதி தமிழும் செல்கின்றது.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. ஒவ்வொரு துறையும் தன்னிடமுள்ள பழைய கோப்புகளைத் தேடித் தொகுக்கலாம். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி, மூலப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்புநோக்கலாம். ஒப்புநோக்கும் அவ்வேலை பொறியின் வேலையன்று. சுவடிகளைப் பாடபேதம் பார்த்துப் பதிப்பித்த மரபில் வந்த தமிழ் மாணவரின் வேலை. ஓர் 'ஏ'க்கும் ஒரு 'வீ'க்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டுபிடித்தற்கு நிரல் எழுதும் திறன் வேண்டியதில்லை. பொறுமையோடு வாசிக்கும் கண்ணும், அக்கடதாசியை நம்பியிருப்பவர் யார் என்னும் நினைவும் இருந்தாற் போதும். கலைப்பீடத்தார் இதனைத் தமக்குரிய பணியன்று என ஒதுக்குவாராயின், செய்வதற்கு வேறெவரும் இல்லை.